வாசகரின் தீர்ப்பும் வாசகர் சங்கமும்: கல்முனை – பொத்துவில் கரையோரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நூலை வாசித்து முடித்தவர் அதனைப் பற்றித் தம் அயலவரிடம் கூறும் அபிப்பிராயம் இலக்கிய வரலாற்று நூல்களில் இடம்பெறுவது அரிது. எழுத்தாளரும் விமரிசகரும் பதிப்பாளருமே வரலாற்றில் நிற்கின்றனர். வாசகர் பெயரற்ற திரளாகவே கொள்ளப்படுகின்றனர். ஆயினும், ஒரு நூல் நல்லதா அல்லதா எனத் தீர்மானிக்கும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அது எவ்வாறு கைமாறியது என்னும் வினா, சமூக உறவுகளோடு நெருங்கிய தொடர்புடையதாகும். பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

நிலமானிய சமூக அமைப்பில் நூலின் தகுதியைத் தீர்மானித்தவர் புரவலரும் அவரைச் சூழ்ந்த புலவருமே. அரங்கேற்றம் அதன் சடங்கு. சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் அதன் சான்றிதழ்கள். சாற்றுகவி புகழ்ச்சியை மட்டுமே அறியும். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வள்ளல்களின் ஆதரவிலேயே உருப்பெற்றது. 1842இல் அது அச்சேறிய பின்னரும், ஏட்டினைக் கையில் வைத்திருப்பதற்கோ எழுத்தறிந்து வாசிப்பதற்கோ பெரும்பாலான மக்களுக்கு வாய்ப்பிருக்கவில்லை. ஒருவர் இசையுடன் படிக்க, மற்றொருவர் பொருள் சொல்ல, ஏனையோர் கேட்டிருப்பதே வழக்கமாயிற்று. முஸ்லிம்களிடையே சீறா வாசிப்பும் தமிழரிடையே புராண படனமும் இவ்வகையில் ஒத்த அமைப்பின. இங்கு நூல் கூட்டாக நுகரப்பட்டது. ஆனால் அதனை மதிப்பிடும் உரிமை கேட்போருக்கு இருக்கவில்லை. புனிதமான நூலுக்குக் குறை கூறுதல் எவ்வாறு?

அச்சு ஊடகம் இந்நிலையை மெல்ல மாற்றியது. சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, 1885இல் அசன்பேயுடைய கதையை வெளியிட்டபோது, புரவலரை அன்றி வாசகரை நோக்கிய எழுத்து ஈழத்து முஸ்லிம்களிடையே தோன்றிவிட்டது. எனினும், வாசகர் ஒரு சமூக சக்தியாதற்கு 1945இன் இலவசக் கல்வித் திட்டமும் தாய்மொழிக் கல்வியும் வேண்டியிருந்தன. வேளாண்மையும் மீன்பிடியும் கைத்தறியும் செய்து வந்த குடும்பங்களிலிருந்து முதற்றலைமுறை ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வெளிவந்தனர். நூல் வாங்குதற்கு இவர்தம் ஊதியம் போதியதன்று. ஆகவே ஒரு பிரதி பல கைகளுக்கு மாறிற்று. வாசித்தவர் யாவரும் ஒரே நூலைப் பற்றிப் பேச நேர்ந்தது. கூட்டு மதிப்பீடு என்பது இங்கு ஓர் இலட்சியமாகத் தோன்றவில்லை. பொருளாதார நிர்ப்பந்தமாகவே தோன்றிற்று என்பது மனங்கொளத்தக்கது.

இப்பின்னணியிலேயே கல்முனைப் பிரதேச இலக்கிய வட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணனைச் (1931–1975) சூழ்ந்து இளைஞர் பலர் கவிதை பேசினர். கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையின் மருதூர்க்கொத்தன் ஆகியோர் அவருள் குறிப்பிடத்தக்கவர். நுஃமான் 1969–70 காலப்பகுதியில் கவிஞன் என்னும் சஞ்சிகையை நடத்தினார். இவ்வட்டத்தின் வெளியீட்டு முயற்சி பூண்ட பெயர் வாசகர் சங்கம் என்பதாகும். எழுத்தாளர் சங்கங்கள் மலிந்திருந்த காலத்தில் இப்பெயர் தற்செயலானதாக நமக்குத் தோன்றவில்லை. வாசித்துத் தீர்ப்பளிப்பவரே, அத்தீர்ப்பின் அடிப்படையில் எது அச்சேற வேண்டும் என்பதையும் முடிவுசெய்யும் நிலையை அது சுட்டுகிறது.

அத்தீர்ப்பின் வலிமையை மஹாகவியின் (1927–1971) எடுத்துக்காட்டில் காணலாம். யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த இக்கவிஞர், சாதாரண மனிதரின் வாழ்வைப் பேச்சோசை தழுவிய யாப்பிற் பாடியவர். எனினும் அவர் முற்போக்கு எழுத்தாளர் அணியைச் சார்ந்தவரல்லர். முற்போக்கு விமரிசகர் அவருக்கு உரிய இடம் வழங்கவில்லை என்ற கருத்தை வலியுறுத்தியவர்களுள் நுஃமானும் சண்முகம் சிவலிங்கமும் முக்கியமானவர்கள். வாசகர் சங்கம் 1970இல் மஹாகவியின் கோடை என்னும் பாநாடகத்தை வெளியிட்டது. 1979இல் அதே சங்கம், மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் ஆகிய மூவரும் எழுதிய இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம் என்னும் நூலை வெளியிட்டது. வடக்கின் கவிஞர் ஒருவருக்குக் கிழக்கின் வாசகர் அளித்த மதிப்பு, இவ்வாறு வரலாற்று ஆய்வுக்குள்ளும் இடம்பெற்றது.

மார்க்சியவாதிகளாகிய நாம் இங்குத் தற்சோதனை செய்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். ‘முற்போக்கு’, ‘பிற்போக்கு’ என்னும் முத்திரைகளை நாமும் புள்ளியிடுவது போலவே வழங்கினோம். காரணம் கூறாத முத்திரை, சாற்றுகவியின் மறுபக்கமேயன்றி விமரிசனமன்று. இலக்கியத்தை இயந்திரப் பாங்காக அளத்தலை நுஃமானின் மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும் (1987) உள்ளிருந்தே கேள்விக்குள்ளாக்கியது. இன்று உலகெங்கும் நூல்களுக்கு ஐந்து நட்சத்திரங்களுள் இத்தனை எனக் கணக்கிடும் வழக்கம் பரவியுள்ளது. தீர்ப்பு வழங்கும் உரிமை எல்லோருக்கும் கிடைத்திருப்பது வரவேற்கத்தக்கதே. ஆயின், எண்ணாகச் சுருங்கிய அபிப்பிராயம் விற்பனைக்கு உதவும் அளவுக்குச் சிந்தனைக்கு உதவுவதில்லை. தன் கருத்துக்குக் காரணம் கேட்கப்படும்போதே வாசகன் விமரிசகன் ஆகிறான். கேட்பவர் இல்லாதவிடத்து அவன் வெறும் கொள்வனவாளனே.

கேட்பவரை இழந்த அனுபவம் இக்கரையோரத்துக்கு உண்டு. காரைதீவும் நிந்தவூரும், அட்டாளைச்சேனையும் அக்கரைப்பற்றும், தம்பிலுவிலும் திருக்கோவிலும் கடந்து பொத்துவிலை அடையும் ஒரே வீதியில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவ்வீதி வழியே நூலும் அபிப்பிராயமும் இனம் பாராது சென்ற காலம் ஒன்றிருந்தது. 1985இன் கலவரங்களும் 1990இன் வன்செயல்களும் அவ்வழியை அச்சத்தால் அடைத்தன. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை, மனிதரையும் வீடுகளையும் கொண்டுபோனபோது வீட்டு அலுமாரிகளின் ஏடுகளையும் விட்டுவைக்கவில்லை.

எனவே, வாசகர் அபிப்பிராயத்தின் வரலாறு சுவை வேறுபாட்டின் வரலாறு மட்டுமன்று. புரவலரிடமிருந்து விமரிசகருக்கும், விமரிசகரிடமிருந்து வாசகருக்கும் தீர்ப்புரிமை நகர்ந்த வரலாறு அது. வாசகர் சங்கத்தினர் அவ்வுரிமையைத் தனியுடைமையாக்கவில்லை. நூலாக்கிப் பிறருக்குக் கையளித்தனர். நுஃமான் என்ற முஸ்லிமும் சண்முகம் சிவலிங்கம் என்ற தமிழரும் ஒரே கவிதையை முன்வைத்து உரையாட முடிந்த சூழலே அதன் அடித்தளம். பொத்துவிலின் இளைஞர் ஒருவர் தாம் வாசித்து முடித்த நூலைத் திருக்கோவிலின் நண்பருக்குக் கொடுத்து, “இதைப் பற்றி நீர் என்ன நினைக்கிறீர்?” என்று வினவும்போது அவ்வடித்தளம் மீண்டும் இடப்படுகிறது. அவ்வினாவுக்கு எண் விடையாகாது.