எண்ணிலிருந்து உறவுக்கு: கணினித் தொடக்க வரிசையின் வரலாறு

கணினியை இயக்கியதும் அதன் பின்னணியில் பல சேவை நிரல்கள் எழுகின்றன. வலைப்பின்னல் எழாமல் தொலைவிலுள்ள கோப்புகளை அடைய இயலாது. தரவுத்தளம் எழாமல் அதை நம்பிய செயலி இயங்காது. எது முன், எது பின் என்பதை யார் முடிவு செய்வது? இவ்வினாவுக்கு யுனிக்ஸ் மரபு இருவேறு காலங்களில் இருவேறு விடைகளை அளித்தது.

1980களில் பரவிய யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் கண்ட விடை, எண். ஒவ்வொரு தொடக்கக் கோப்பின் பெயரும் எஸ் என்னும் எழுத்தோடும் ஈரிலக்க எண்ணோடும் தொடங்கும். சிறிய எண் முதலில் இயங்கும். எளிமையே இம்முறையின் வலிமை. ஆயினும் ஒரு சேவை 20ஆம் இடத்தில் ஏன் நிற்கிறது என்பதை அவ்வெண் சொல்லாது. காரணம் எழுதியவரின் நினைவில் மட்டுமே தங்கியது. ஒருவரையொருவர் அறியாதோர் எழுதிய நிரல்கள் ஒரே கணினியில் சேர்ந்தபோது, அனைத்தையும் அறிந்த ஒருவர் எண்களைச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

மாற்றுவழிக்கான கணிதம் அதற்கு முன்பே உருவாகியிருந்தது. 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக எழுந்த பெர்ட் முறை, பணிகளை முன்பின் உறவுகளால் பிணைந்த வலையாகக் கண்டது. அத்தகைய பெருவலைகளை வரிசைப்படுத்தும் வழியை 1962இல் ஆர்தர் கான் வெளியிட்டார். முன்நிபந்தனை எஞ்சாத பணியை எடுத்து வரிசையில் வைத்து, வலையிலிருந்து அதை நீக்கி, மீண்டும் அவ்வாறே தேட வேண்டும். பணிகள் எஞ்சியிருந்தும் எடுக்கத்தக்கது எதுவும் இல்லையெனில், உறவுகள் வட்டமாகச் சுழல்கின்றன என்று பொருள். 1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இத்தகைய வரிசையைக் கணிக்கும் டிசார்ட் என்ற கருவி இருந்தது. எனினும் அது நிரல்நூலகங்களின் உறுப்புகளை அடுக்கவே பயன்பட்டது.

இக்கருத்து தொடக்க வரிசையை வந்தடைய இரு பதிற்றாண்டுகள் ஆயின. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த நெட்பிஎஸ்டி 1.5இல் ஒவ்வொரு தொடக்கக் கோப்பும், தான் வழங்குவது எது, தனக்கு முன் வேண்டியது எது என்பதைத் தானே அறிவித்தது. வரிசையைக் கருவி கணித்தது. 2011இல் வந்த டெபியன் 6உம் உறவுவழித் தொடக்கத்தை இயல்பாக்கியது. 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி மேலும் ஒரு நுட்பமான வேறுபாட்டை வகுத்தது: ஒன்று மற்றொன்றை வேண்டுவது வேறு, அதற்குப் பின் வருவது வேறு. ஒரு சேவை மற்றொன்று இல்லாமலும் இயங்கலாம். இரண்டும் எழும்போது மட்டும் அதற்குப் பின்னால் எழ விரும்பலாம்.

இம்மாற்றத்தின் பயன் வசதி மட்டுமன்று. எண், தேவையற்ற இடத்திலும் ஒரு வரிசையைத் திணித்தது. உறவோ, சொல்லப்படாதவற்றைச் சுதந்திரமாக விட்டது. ஆதலால் தொடர்பற்ற சேவைகள் ஒரே வேளையில் எழ முடிந்தது. எண்களுக்குள் புலப்படாதிருந்த முரண்பாடுகளும் வட்டங்களாக வெளிப்பட்டன.

இழப்பும் உண்டு. முன்னர் ஒரு கோப்புறையைத் திறந்தாலே முழு வரிசையும் கண்முன் நின்றது. இன்று அதைக் கருவியிடம் கேட்டே அறிய வேண்டும். வரிசை கண்ணிலிருந்து மறைந்தது. அதன் காரணம் எழுத்தில் நிலைத்தது.