திருமுழுக்கு

திருமுழுக்கு (ஞானஸ்நானம்): தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் ஒருவரை நீரில் மூழ்கச் செய்தோ அவர்மேல் நீர் ஊற்றியோ கிறித்தவத் திருச்சபையில் சேர்க்கும் சடங்கு. கத்தோலிக்கர் இதனை ஏழு அருளடையாளங்களுள் முதலாவதாக வைப்பர். பாப்திஸ்து சபையினர் இயேசுவின் கட்டளையாக மட்டும் கொள்வர்.

மீட்புக்கு இது இன்றியமையாததா என்பது நெடுங்கால வழக்கு. ஆம் என்போர் யோவான் 3:5ஐக் காட்டுவர். மறுப்போர் திருமுழுக்கின்றி வான்வீடு வாக்களிக்கப்பெற்ற சிலுவைக் கள்வனை (லூக்கா 23) நினைவூட்டுவர். பிறவிப் பாவத்தை மறுத்த பெலாஜியு என்ற துறவியின் போதனையைக் கண்டித்த கார்த்தேஜ் சங்கம் (418), பாவ மன்னிப்புக்காகவே குழந்தைகளும் திருமுழுக்குப் பெறுகின்றனர் என்றது. மறைசாட்சியாக இறந்தோர்க்கு இரத்தத் திருமுழுக்கும், விரும்பியும் பெறுமுன் இறந்தோர்க்கு ஆசைத் திருமுழுக்கும் ஈடாகும் என்பது கத்தோலிக்கக் கொள்கை.

சீர்திருத்தக் காலத்தில் கருத்துகள் பிரிந்தன. 1525இல் சூரிக் நகரில் தோன்றிய மறுதிருமுழுக்கு இயக்கத்தார், நம்பிக்கை அறிக்கையிட்ட வயதுவந்தோர்க்கே திருமுழுக்கு வழங்கினர். லூதரன் சபையின் அவுக்ஸ்பூர்க் அறிக்கையும் (1530) கத்தோலிக்கரின் திரிதெந்து சங்கமும் (1547) திருமுழுக்கின் இன்றியமையாமையை வலியுறுத்தின.

இவ்வழக்கின் மிகக் கடினமான பகுதி, திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் நிலை. அவர்கள் மீட்படைவர் என நம்பிக்கை கொள்ளக் காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம் 2007இல் அறிவித்தது.