பெல்ட்டைத் திருகும் இடம்

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் தாண்டிப் போய் வந்த பழைய ஆட்களுக்கு, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை நினைவிருக்கும். 1961 முதல் அங்கே ஹெரால்டு கார் தயாரானது. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு வெளிவந்தது 1959-இல். அதே ஆண்டில்தான் ஸ்வீடனில் வால்வோ கம்பெனி, இன்று நாம் போடும் மூன்று முனை சீட் பெல்ட்டைக் காரில் வைத்து விற்க ஆரம்பித்தது. கார் இரண்டே வருடத்தில் நம்மூருக்கு வந்துவிட்டது. பெல்ட் வந்து சேர வெகு காலம் ஆயிற்று.

அந்தப் பெல்ட்டை அமைத்தவர் நீல்ஸ் போலின். அதற்கு முன் சாப் கம்பெனியில், ஆபத்து நேரத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் அமைப்பில் வேலை செய்தவர். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் முன்பே உண்டு. அவர் கவனம் வைத்தது, நாடாவை வண்டியில் எங்கே திருகுவது என்பதில். இருக்கைக்கு இருபுறமும் தாழ்வாக ஒவ்வோர் இடம், தோளுக்குப் பின்னால் உயரத்தில் ஓர் இடம். அப்போதுதான் இழுப்பு இடுப்பெலும்பிலும் மார்புக்கூட்டிலும் விழும், வயிற்றில் விழாது. அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ அனுமதித்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'சென்த்யூர்' என்று பெயர். இடுப்புக் கச்சைக்கும் அதே சொல்தான். பிரான்சில் 1973 ஜூலை 1 முதல், ஊர் எல்லைக்கு வெளியே முன் இருக்கைக்காரர்கள் பெல்ட் போடுவது கட்டாயம். அங்கே குடியேறிய எங்கள் ஊர்க்காரர்கள் விடுமுறைக்கு வந்து டாக்சியில் ஏறியதும், பழக்கதோஷத்தில் தோள் பக்கம் கையால் துழாவுவார்கள். எங்களுக்கு அது வேடிக்கை.

இந்தியாவில் புதுக் கார்களின் முன் இருக்கைக்கு 1994-இலும், பின் இருக்கைக்கு 2002-இலும்தான் பெல்ட் கட்டாயமானது. அதற்குள் ஹெரால்டு தயாரிப்பே நின்றுபோயிருந்தது. இன்று பழைய ஹெரால்டு, பியட், அம்பாசடரை ஆசையாக வைத்திருப்பவர்கள், புதுப்பேட்டையில் வேறு காரின் இருக்கையை வாங்கி மாட்டுவதுண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பல புதுக் கார்களில் பெல்ட்டின் பக்கிள், இருக்கையோடே சேர்ந்திருக்கும். மோதும்போது ஆளின் பாரம் இருக்கையின் தண்டவாளம், நாலு போல்ட் வழியாகத் தரைக்குப் போகும். ஹெரால்டிலோ தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கிறது. தரை மெல்லிய தகடு, பல மழைக்காலம் பார்த்தது. ஐ.நா.வின் 14-ஆம் விதிப்படி காரின் பெல்ட் பொருத்துமிடங்களைச் சோதிக்கும்போது, தோள் நாடாவில் சுமார் 1,350 கிலோ, இடுப்பு நாடாவில் அதே அளவு, இரண்டையும் ஒன்றாக இழுக்கிறார்கள். இரண்டு அம்பாசடரின் எடைக்கும் மேல்!

எங்கள் பகுதியில் ஒரு நண்பரின் காரில் மாற்று இருக்கை நாலு அங்குலம் முன்னால் வந்தது. பெல்ட்டின் கீழ் போல்ட் பழைய இடத்திலேயே நின்றது. நாடா தொடைப் பக்கம் இறங்காமல் வயிற்றில் ஏறி உட்கார்ந்தது. இருக்கையை உயர்த்தினால் இன்னொரு கேடு: மேல் போல்ட் தோளுக்குக் கீழே போய், மோதும்போது நாடா முதுகெலும்பை அழுத்தும். ஆகவே இருக்கை நகர்ந்தால் போல்ட்டும் நகர வேண்டும். ஆனால் வெறும் தகட்டில் ஓட்டை போட்டு வாஷர் வைத்தால் போதாது. துருவில்லாத உறுதியான இடத்தில், பின்னால் கனத்த இரும்புத் தகடு கொடுத்து, பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட்டைப் போட வேண்டும். இது விஷயம் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

2019 திருத்தத்துக்குப் பிறகு பெல்ட் போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். போலீஸ்காரர் பார்ப்பது தோளில் நாடா தெரிகிறதா என்பதைத்தான். போல்ட் எதில் பிடித்திருக்கிறது என்று தெரிய இருக்கைக்கு அடியில் குனிய வேண்டும். பேரன் பேத்தியை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு பக்கம் கிளம்புவதற்கு முன், ஒரு தடவை டார்ச் அடித்துக் குனிந்து பார்த்துவிடுங்கள்.