ராஜபாளையத்தில் நின்றால் மேப்பில் ஸ்ரீவில்லிபுத்தூரா? ஒளியின் வேகம் சொல்லும் கணக்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 11 கி.மீ. தூரம். இதைக் கடக்க ஒளிக்குத் தேவைப்படும் நேரம் சுமார் 37 மைக்ரோ நொடி. ஒரு நொடியை 10 லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் மைக்ரோ நொடி. இவ்வளவு சின்ன நேரத்தை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள் என்று தோன்றலாம். ஆனால், உங்கள் செல்போன் மேப் கண்டுகொள்கிறது.

ஒளியின் வேகம் எவ்வளவு?

வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 29,97,92,458 மீட்டர் பயணிக்கிறது. அதாவது கிட்டத்தட்ட 3 லட்சம் கி.மீ. சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர சுமார் 8 நிமிடம் 20 நொடி ஆகிறது.

அப்படி என்ன விசேஷம்?

ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் நோக்கி 100 கி.மீ. வேகத்தில் ரயில் வருவதாக வைத்துக்கொள்வோம். ரயிலுக்குள் ஒருவர் 20 கி.மீ. வேகத்தில் முன்பக்கமாகப் பந்து வீசுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு அந்தப் பந்தின் வேகம் 120 கி.மீ.

ரயிலின் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு இந்தக் கூட்டல் கணக்கு செல்லாது. டிரைவர் அளந்தாலும், பிளாட்பாரத்தில் நிற்பவர் அளந்தாலும், எதிர் ரயிலில் வருபவர் அளந்தாலும் ஒரே வேகம்தான். பூமியின் ஓட்டத்தால் ஒளியின் வேகம் மாறுகிறதா என்று 1887-ல் அமெரிக்காவின் மைக்கேல்சனும் மோர்லியும் சோதித்தனர். எதிர்பார்த்த வித்தியாசம் சிக்கவில்லை. 1905-ல் ஐன்ஸ்டைன் இதையே அடிப்படை விதியாக எடுத்துக்கொண்டார்.

வேகம் மாறாது என்றால் எது மாறும்?

நேரம்தான். ரயில் பெட்டியின் தரையில் இருந்து கூரைக்கு ஒரு ஒளிக்கீற்று போகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்கு அது நேராக மேலே போகிறது. ரயில் நகர்வதால், வெளியே நிற்பவருக்கு அது சாய்வாகப் போகிறது. சாய்வான பாதை நீளமானது. வேகம் ஒன்றே என்பதால், நீளமான பாதைக்குக் கூடுதல் நேரம் ஆகத்தான் வேண்டும். அதனால், வெளியே நிற்பவரின் கணக்கில் ரயிலுக்குள் இருக்கும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது. ரயில் வேகத்தில் இந்த வித்தியாசம் மிக மிகச் சிறியது என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

மேப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மணிக்கு சுமார் 14,000 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. இந்த வேகத்தால் அவற்றின் கடிகாரம் ஒரு நாளைக்கு சுமார் 7 மைக்ரோ நொடி பின்தங்குகிறது. சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு விசை குறைவு என்பதால் இன்னொரு பக்கம் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. இதையும் 10 ஆண்டுகள் கழித்து, 1915-ல் ஐன்ஸ்டைனே விளக்கினார். மொத்தத்தில் 38 மைக்ரோ நொடி முந்துகிறது.

செயற்கைக்கோளின் சிக்னலும் ஒளி வேகத்தில்தான் வருகிறது. அது வந்து சேரும் நேரத்தை வைத்தே செல்போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. 38 மைக்ரோ நொடியில் ஒளி கடக்கும் தூரம் சுமார் 11 கி.மீ. இந்தப் பிசகைச் சரிசெய்யாமல் விட்டால், ஒரே நாளில் தூரக் கணக்கு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தூரம் அளவுக்குத் தப்பிவிடும். அதனால்தான் செயற்கைக்கோள் கடிகாரங்களை விண்ணில் ஏவும் முன்பே, இந்த வித்தியாசத்துக்கு ஏற்ப சற்று மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள்.