கார்பெட்டின் .275: இரும்புக் குறியோடு ஒரு பயணம்

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைஃபிளில் ஸ்கோப் என்ற தொலைநோக்கிக் குறி கிடையாது. குழல் நுனியில் ஒரு முன்குறி, குழலின்மீது கண்ணுக்குக் கிட்டத்தில் ஒரு பின்குறி, அவ்வளவுதான். ஆட்கொல்லிகளான ருத்ரபிரயாக் சிறுத்தையும் சௌகர் பெண்புலியும் இந்தத் துப்பாக்கியால்தான் விழுந்தன. இன்று வேட்டை ரைஃபிள் வாங்கப் போகிறவரிடம் எந்த ஸ்கோப் என்றுதான் கேட்கிறார்கள். ஸ்கோப் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு விடை தேட இந்த ஒரு துப்பாக்கியின் வாழ்க்கையே போதும் என்பது என் எண்ணம்.

அது பிறந்த கதை மூன்று நாடுகளைத் தொடுகிறது. ரிக்பி 1775இல் டப்ளினில் தொடங்கிய துப்பாக்கிக் கடை, பின்னர் லண்டனுக்குப் போனது. போல்ட்டும் அது ஓடும் இரும்பு உடலும் ஜெர்மனியின் ஓபெர்ன்டார்ஃப் ஊரிலிருந்து வந்த மௌசர். தோட்டாவும் மௌசருடையதே: 1892இல் உருவான 7 மில்லிமீட்டர். தென்னாப்பிரிக்கப் போரில் போயர்கள் ஆங்கிலேயர்மேல் சுட்டது இதே தோட்டாவால்தான். சில ஆண்டுகளில் அதே தோட்டா .275 ரிக்பி என்ற பெயரோடு ஆங்கிலேய வேட்டைக்காரர்களின் செல்லமாகிவிட்டது. உதை குறைவு, குண்டு ஆழமாகப் போகும், துப்பாக்கியும் கனமில்லை.

1907இல் சம்பாவத் பெண்புலியைக் கொன்றதற்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் இதைக் கார்பெட்டுக்குப் பரிசளித்தார். கட்டையில் பதித்த வெள்ளித் தகட்டில் அந்த விவரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் இருந்த புலி அது. தி. ஜ. ர.வின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ படித்தவர்களுக்கு அந்த முடிவு நினைவிருக்கும். கையில் இருந்த தோட்டாக்கள் தீர்ந்துபோக, தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, 20 அடியில் நின்று புலியின் திறந்த வாயைக் குறிபார்த்துச் சுட்டார் கார்பெட். குண்டு வாயில் படவில்லை, பாதத்தில் பட்டது. முன்பே பட்ட காயங்களால்தான் புலி விழுந்தது. நல்ல குறி இல்லாத துப்பாக்கி 20 அடியில்கூடக் கைவிடும் என்பதை, பரிசுத் துப்பாக்கி கைக்கு வருமுன்பே அவர் அறிந்திருந்தார்.

கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்கு இரும்புக் குறியின் பாடம் தெரியும். தரையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, பேக்சைட் எனும் பின்குறியின் நடுவே ஃபோர்சைட் எனும் முன்குறியின் நுனியை நிறுத்தி, அந்த நுனியின்மேல் இலக்கை உட்கார வைக்க வேண்டும். மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். பயிற்றுநர்கள் தொண்டை வறளக் கத்துவது இதற்காகத்தான்: முன்குறி தெளிவாகத் தெரியட்டும், இலக்கு மங்கலாக இருந்தால் பரவாயில்லை.

கணக்கும் எளிது. இரண்டு குறிகளுக்கும் இடையே அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி அரை மில்லிமீட்டர் விலகி நின்றால் தவறு ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 20 மீட்டரிலோ வெறும் 2 சென்டிமீட்டர். இரும்புக் குறி நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் பாதி, எந்தத் தூரத்தில் என்று சொல்லாமலே நடக்கிறது.

கார்பெட்டின் தூரங்கள் பயங்கரமானவை. 1930 ஏப்ரலில் சௌகர் பெண்புலியை அவர் சந்தித்தது எட்டடியில். ஓடைப் பள்ளத்தில் ஒரு பாறையைச் சுற்றித் திரும்பியபோது பின்னால் அது படுத்திருந்தது. இடக்கையில் வழியில் எடுத்த பறவை முட்டைகள், வலக்கையில் இந்த .275. புலியின் கண்ணிலிருந்து தன் கண்ணை எடுக்காமல், ஒற்றைக் கையால் துப்பாக்கியை மெல்ல மெல்ல முக்கால் வட்டம் சுற்றிக் கொண்டுவந்து விசையை அழுத்தினார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் ஒற்றைக் கையால் அதைச் செய்திருக்க முடியாது என்று அவரே எழுதினார். மேலே ஒரு கண்ணாடிக் குழலும் அதைத் தாங்கும் வளையங்களும் அரைக்கிலோவுக்கு ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று அவர் எந்தக் குறியையும் பார்த்துச் சுடவில்லை. துப்பாக்கியின் எடையும் சமநிலையும்தான் அவரைக் காப்பாற்றின. இரும்புக் குறியின் பெரிய பலம் இதுவே: அது இருக்கிற இடமே தெரியாது.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. கார்பெட் 1875இல் பிறந்தவர். ருத்ரபிரயாக் சிறுத்தையைச் சுட்டபோது அவருக்கு 50 வயது, தக் ஆட்கொல்லிப் பெண்புலியை 1938இல் சுட்டபோது 63. நம் ஊரில் நாற்பதைத் தாண்டியதும் ஊசியில் நூல் கோக்கப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோமே, அந்த வெள்ளெழுத்து வேட்டைக்காரனையும் விடாது. முதலில் பின்குறியின் பள்ளம் கலங்கும், பிறகு முன்குறியின் நுனியே இரண்டாகத் தெரியும். காட்டில் 20, 30 கஜத்தில் சுடுகிறவருக்கு அந்த மங்கல் பெரிய சேதம் செய்யாது. 150 மீட்டரில் மலைச்சரிவில் நிற்கும் மானைச் சுடுகிறவருக்கு, இலக்கைக் காயப்படுத்திவிட்டு இழப்பதற்கு அது ஒன்றே போதும். காயப்பட்ட விலங்குகள் ஆட்கொல்லியாவதைக் கார்பெட் திரும்பத் திரும்ப எழுதினார். குறி பற்றிய பேச்சு என்னைப் பொறுத்தவரை சௌகரியம் பற்றியது அல்ல, அந்த விலங்குக்குச் செய்ய வேண்டிய நியாயம் பற்றியது.

இரும்புக் குறியின் உண்மையான எதிரி தூரத்தைவிட இருட்டு. 1926 மே மாதம், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் கோலாப்ராய் என்ற இடம். எட்டு ஆண்டுகளில் 125 பேரைத் தின்ற சிறுத்தைக்காக ஒரு மாமரத்தில் இரவு இரவாகக் கார்பெட் உட்கார்ந்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய ஒரு ஆடு. கடைசி இரவில் மணி ஒலித்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு. துப்பாக்கியோடு சேர்த்துப் பொருத்தியிருந்த டார்ச்சை அழுத்தினார். வெளிச்சத்தில், துப்பாக்கியை அசைக்கவே தேவையில்லாமல், குறிகள் சிறுத்தையின் தோள்மேல் நேராக நின்றன. சுட்டார். அந்தக் கணமே டார்ச் அணைந்தது. சிறுத்தை செத்துக் கிடந்ததை விடிந்த பிறகுதான் அவரால் பார்க்க முடிந்தது.

அவரிடம் ஸ்கோப் இருந்திருந்தால்? ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வேட்டைக்காரர்கள் அப்போதே நாலு மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் குழல்களைக் கழற்றி மாட்டும் கொக்கிகளோடு பயன்படுத்தி வந்தார்கள். ஆனாலும் அந்த இரவில் அதனால் பயன் இருந்திருக்காது என்றே நான் நினைக்கிறேன். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். குழலுக்குள் பத்து முகங்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கே வராது. இதைத் தடுக்கும் மெல்லிய பூச்சை ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டது 1935இல். குழலுக்குள் குறியாக இருக்கும் மெல்லிய குறுக்குக் கம்பி இருட்டில் மறைந்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. ஜெர்மானியர்கள் அதனால்தான் கம்பிக்குப் பதில் தடித்த கூர்முனைத் தூணை வைத்தார்கள். மலைமழையில் குழலுக்குள் ஆவி படர்ந்துவிட்டால் எதுவுமே தெரியாது.

ஸ்கோப் சாதாரண மனிதனின் துப்பாக்கிக்கு வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1930இல் பில் வீவர் என்பவர் ‘330’ என்ற சிறு குழலைச் செய்தார். ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக்கும், துப்பாக்கியில் பொருத்தும் மவுண்ட்டும் சேர்த்து 19 டாலர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள்களின்மேல் அதையே ஏற்றியது. போர் முடிந்து திரும்பியவர்களுக்கு ஸ்கோப் அந்நியமாகத் தெரியவில்லை. 1940களின் இறுதியில் ஆரெகன் மாநிலத்தின் லியூபோல்டு நிறுவனம் குழலுக்குள் நைட்ரஜனை அடைத்து மூடியது. ஆவி படரும் தொல்லை அதோடு ஒழிந்தது. கார்பெட் கடைசி ஆட்கொல்லிப் புலியைச் சுட்டு முடித்துச் சில ஆண்டுகள் ஆன பிறகுதான் நம்பத் தகுந்த ஸ்கோப் வந்தது என்று சொல்லலாம்.

வந்ததும் அது தந்த பெரிய நன்மை, பெரிதாக்குவது அல்ல. கம்பியும் இலக்கும் ஒரே தளத்தில் தெரிகின்றன. மூன்றைப் பார்க்க வேண்டிய கண் ஒன்றைப் பார்த்தால் போதும், வெள்ளெழுத்துக்காரருக்கு இதைவிட வரம் வேறில்லை. இதற்கு இரண்டரை மடங்கே தாராளம். அடுத்தது ஒளி. முன்கண்ணாடியின் அகலத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 20 மில்லிமீட்டர் கண்ணாடியும் இரண்டரை மடங்கும் என்றால் 8 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு ஐந்து வந்தால் அதிகம். ஆக அந்தச் சிறு குழலே கண் குடிக்கக்கூடிய ஒளி முழுவதையும் தந்துவிடுகிறது. 32 மில்லிமீட்டர் கண்ணாடியை ஒன்பது மடங்கில் வைத்தால் கிடைப்பது மூன்றரை மில்லிமீட்டர்தான். பார்வையின் அகலமும் சுருங்கும்: 100 மீட்டரில் இரண்டரை மடங்குக் குழல் சுமார் 12 மீட்டர் காட்டும், ஒன்பது மடங்குக் குழல் நாலு மீட்டர்தான். ஓடுகிற பன்றியைத் தேட அந்த நாலு மீட்டர் போதாது. மடங்கு அதிகமானால் நல்லது என்று கடையில் மயங்குகிறவர்கள் மாலை ஆறரை மணிக்கு மரத்தடியில் நின்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

எல்லாத் துப்பாக்கியும் ஸ்கோப்பை ஏற்றுக்கொள்ளவும் செய்யாது. பழைய மௌசரில் போல்ட்டின் கைப்பிடி செங்குத்தாக எழும், சேஃப்டியோ போல்ட்டின் பின்முனையில் மேல்வாட்டில் ஒரு கொடிபோல நின்று பக்கத்துக்குப் பக்கம் சாயும். தாழ்வாக ஸ்கோப் வைத்தால் இரண்டும் அதில் இடிக்கும். கைப்பிடியை வளைக்க வேண்டும், சேஃப்டியை மாற்ற வேண்டும், இரும்பில் துளை போட வேண்டும். கன்னத்தை வைக்கும் கட்டையும் இரும்புக் குறிக்கு ஏற்ற தாழ்வானது, ஸ்கோப்புக்குத் தலையைத் தூக்க நேரும். நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஜவளகிரிக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். அதன் மேல்பக்கம் திறந்து காலித் தோட்டாவை மேலே தள்ளும். ஸ்கோப் உட்கார வேண்டிய இடத்தில்தான் காலித் தோட்டா பறக்கிறது. அவரும் டார்ச்சை நம்பித்தான் இரவுகளைக் கழித்தார்.

கார்பெட் 1947இல் தமக்கை மேகியோடு கென்யா போய் நியேரியில் குடியேறி, அங்கேயே 1955இல் இறந்தார். .275 அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துக்குப் போயிற்று. 2015இல் ரிக்பி நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது, அடுத்த ஆண்டு குமாயுன் மலைகளைப் பார்க்க இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. எத்தனையோ பழைய மௌசர்களின் தலையில் பிற்காலத்தில் துளை விழுந்திருக்க, கார்பெட்டின் துப்பாக்கி அவர் பிடித்த வடிவிலேயே நமக்கு மிஞ்சியது பெரிய பாக்கியம்.

அதை நினைவில் வைத்து ரிக்பி இப்போது ‘ஹைலாண்ட் ஸ்டாக்கர்’ என்ற பெயரில் புதிய .275களைச் செய்கிறது, அதிலும் திறந்த இரும்புக் குறி உண்டு. வேட்டை சட்டப்படி நடக்கிற நாட்டில் இப்படியொன்றை வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் சொல்வது இது: வயது நாற்பதுக்குள், காடு அடர்த்தி, 50 மீட்டருக்கு மேல் சுடப்போவதில்லை என்றால் இரும்புக் குறியோடு நில்லுங்கள். மற்ற எல்லோருக்கும் இரண்டரை அல்லது ஒன்று முதல் நாலு மடங்குக் குழல், கழற்றி மாட்டும் மவுண்ட்டோடு. வாங்கிய பிறகு ஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் குறியையும் 50 மீட்டரில் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழையில் கண்ணாடி நனைந்தாலும், விழுந்து மவுண்ட் நெளிந்தாலும் அன்று கையில் மிஞ்சப்போவது அதுதான்.