நாற்பது நிமிஷம்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். கம்பெனி பெயர் வேண்டாம். பஞ்ச் கார்டைப் பார்த்து, யார் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதுவதுதான் எனக்குச் சோறு போட்டது. என் தாத்தாவோ சோறு தின்ன நேரம் கேட்ட கூட்டத்தில் ஒருவர்.

அவர் பின்னி மில்லில் தறி ஓட்டினார். காகிதத்தில் அது பக்கிங்காம், கர்நாடிக் என்று இரண்டு ஆலைகள். பெரம்பூர், புளியந்தோப்பு வாய்க்கு எல்லாமே பின்னிதான். 1911 சட்டப்படி பஞ்சாலையில் ஓர் ஆளிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். நடுவே சாப்பாட்டுக்கு அரை மணி. குழாயடிக்கு ஓடி, கை கழுவி, நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, சங்கு ஊதுமுன் தறிக்குத் திரும்பியாக வேண்டும். வேலையை விட்ட பிறகும் தாத்தா சோற்றை மென்றதில்லை, விழுங்கினார். "சங்கு ஊதி எத்தினி வருசம் ஆச்சு, மெதுவா துன்னுய்யா" என்று ஆயா கத்துவாள்.

செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இரு வியாபாரிகளிடம் இந்தக் குறைகள் போயின. அவர்கள் அன்னி பெசன்ட் அம்மையாரின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் இருந்த பி.பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். சாப்பாட்டு நேரம் 45 நிமிஷம் வேண்டும் என்று கேட்டார்கள். கிடைத்தது 40. டைம்கீப்பரைக் கேட்டால் சொல்வான், ஒரு முதலாளியிடமிருந்து பத்து நிமிஷம் வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல.

1920 அக்டோபரில் நிர்வாகம் ஆலைக் கதவை மூடியது. டிசம்பர் 9-ல் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதைப் பற்றித் தாத்தா வாய் திறந்ததே இல்லை. பேச்சு அங்கே வந்தால் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி ஆட்களைத் தூண்டினார்கள், அதனால் நஷ்டம் என்று சொல்லி, நிர்வாகம் வாடியாவையும் சங்கத்துக்காரர்களையும் உயர் நீதிமன்றத்துக்கு இழுத்தது. தடையுத்தரவும் வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலக ஒப்புக்கொண்ட பிறகே வழக்கு ஓய்ந்தது. சுட்டதற்கும் கதவடைத்ததற்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூட்டம் போட்டவர்தான் பதில் சொன்னார்.

அந்த வழக்கு ஊரெல்லாம் உறுத்தியது. 1921-ல் தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி, சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று மத்திய சட்டசபையில் பேச்சை எடுத்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அதன் 18-வது பிரிவு, தொழில் தகராறில் இந்த மாதிரித் தூண்டுதல் வழக்குகளிலிருந்து பதிவான சங்கத்துக்குக் காப்பு கொடுத்தது. 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் என் மேசைக்கே வந்துவிட்டது: வராத நேரத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது, அபராதம் ரூபாய்க்கு அரையணாவைத் தாண்டக் கூடாது, அதற்கு முன் அந்த ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும்.

பதிவேட்டை நான் ஒழுங்காக எழுதினேன். கடிகாரம்தான் ஒழுங்கில்லை.

எழுபதுகளில் ஒரு நாள், காலை ஷிப்டு. எண்ணூரிலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர் கையில் டிரான்சிஸ்டரோடு என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். "சாரே, கொஞ்சம் காது குடு" என்றார். டெல்லித் தமிழ்ச் செய்தி, சரியாக 7.15. 'ஆகாசவாணி' என்று குரல் வந்தபோது என் தலைக்கு மேலே 7.19. பின்னால் நின்ற வரிசை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. யாரும் சத்தம் போடவில்லை.

மறுநாள் போர்டில் நோட்டீஸ் ஏறியது: கேட்டுக்குள் டிரான்சிஸ்டர் கொண்டுவரக் கூடாது. அடுத்த வாரம் ஒரு மெக்கானிக் ஏணி போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவிட்டுப் போனார். அதுவரை எத்தனை பேருக்கு எத்தனை நாள் நாலு நிமிஷம் பிடித்தோம் என்று மேலே யாரும் கேட்கவில்லை. பதிவேடு என்னிடம்தான் இருந்தது. நானும் கூட்டிப் பார்க்கவில்லை.