50 குண்டா, 5,000 குண்டா? டெல்ஃபி முறையின் கதை

இந்த எபிசோடை ஒரு ஆஃபீஸ் மீட்டிங்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஐ.டி.யில இருக்கறவங்களுக்கு இது தினசரி சமாச்சாரம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை டீம் மொத்தமும் உட்கார்ந்து, அடுத்துச் செய்யவேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு உழைப்பு ஆகும்னு கணிக்கணும். எல்லார் கையிலயும் எண் போட்ட சீட்டு இருக்கும், இப்போ அது ஸ்க்ரீன்ல. எல்லாரும் ஒரே நேரத்துல காட்டணும். சீனியர் முதல்ல "3"னு சொல்லிட்டா, மனசுக்குள்ள "13" வச்சிருக்கற ஜூனியர் வாயைத் திறக்கமாட்டார், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இதுக்குப் பேர் பிளானிங் போக்கர். 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் உருவாக்கியது.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க டீம்ல ஒருத்தர் 2 காட்டினார், இன்னொருத்தர் 13. மீட்டிங் முடிய நாலு நிமிஷம்தான் இருந்தது. "சரி, 5 போட்டுக்கலாம்"னு யாரோ சொன்னாங்க. நானும் தலையாட்டினேன். அந்த 13 எதுக்குன்னு மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது, அதுவும் ராத்திரி 11 மணிக்கு.

அன்னிக்குத்தான் இந்தச் சீட்டாட்டம் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடிக்கிட்டே போனா, அது போய் நிக்கிற இடம் 1951, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா, கேள்வி அணுகுண்டு பற்றியது.

கொஞ்சம் பின்னணி. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் அமெரிக்க விமானப்படைக்கு ஒரு கவலை வந்தது. ரேடார், ஜெட், ராக்கெட், அணுகுண்டு எல்லாம் சில வருஷங்களுக்குள் வந்து போரின் போக்கையே மாற்றியிருந்தன. அடுத்து என்ன வரும்னு தெரியாம எதுக்குக் காசு ஒதுக்கறது? படைத் தலைவர் ஹாப் ஆர்னல்ட், தியடோர் ஃபான் கார்மான் என்ற விமானவியல் மேதையிடம் 'அடுத்த சில பத்தாண்டுகளில் என்ன வரும், எழுதிக் கொடுங்கள்' என்று கேட்டார். 1945 டிசம்பரில் அந்த அறிக்கை வந்தது. அடுத்த வருஷமே டக்ளஸ் விமான கம்பெனிக்குள் ராண்ட் என்ற ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. 1948-ல் அது தனி நிறுவனம் ஆனது. கணிதம், பொருளாதாரம், தத்துவம் படித்தவர்களை எல்லாம் ஒரே கட்டடத்தில் உட்காரவைத்து, அரசாங்கத்துக்காக யோசிக்கச் சொன்ன இடம்.

1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. ராண்டுக்கு உடனே ஒரு கேள்வி வந்து நின்றது. ஒரு சோவியத் திட்டக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்க எந்தத் தொழிற்சாலைகளை அடிப்பீர்கள், அதுக்கு எத்தனை குண்டு தேவைப்படும்?

இதுக்கு டேட்டா கிடையாது. அப்படி ஒரு போர் நடந்ததே இல்லை. ஆனால் பதில் இல்லாமல் பட்ஜெட் போட முடியாது. நார்மன் டால்கி, ஓலாஃப் ஹெல்மர் என்ற இருவர் ஏழு நிபுணர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நாலு பேர் பொருளாதார அறிஞர்கள். மீதி மூன்று பேரில் ஒருவர் குண்டு விழுந்தால் கட்டடம் என்ன ஆகும் என்பதில் வல்லவர், ஒருவர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், ஒருவர் எலெக்ட்ரானிக்ஸ் எஞ்சினியர். ஏழு பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்கவில்லை. சுமார் வாரத்துக்கு ஒன்றாக ஐந்து கேள்வித்தாள்கள். நடுவில் தனித்தனியாகப் பேட்டி. ஒருவர் சொன்ன காரணமும் அவர் கேட்ட தகவலும் பெயர் இல்லாமல் மற்றவர்களுக்குப் போகும். அதைப் பார்த்து யாரும் தன் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சுற்றில் வந்த பதில்கள்? குறைந்தது 50, அதிகபட்சம் 5,000. நூறு மடங்கு வித்தியாசம். எல்லாரும் நிபுணர்கள், அதை மறந்துடாதீங்க. ஐந்தாவது சுற்று முடிந்தபோது 167-க்கும் 360-க்கும் நடுவில் வந்து நின்றது. இரண்டு மடங்குதான்.

ரகசியம் என்பதால் பத்து வருஷத்துக்கும் மேல் இது வெளியே தெரியவில்லை. 1963-ல்தான் கட்டுரையாக வந்தது. அதில் ஒரு நேர்மை இருக்கு, எனக்குப் பிடிச்சது. தாங்கள் கொடுத்த தகவல்களே நிபுணர்களை ஒரு பக்கம் தள்ளியிருக்கலாம் என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஆனா படிச்சவங்க மனசுல நின்னது அந்த எச்சரிக்கை இல்ல. நூறு மடங்கு ரெண்டு மடங்கா சுருங்கினதுதான் நின்னது.

பெயர் வைத்தவர் ஏப்ரஹாம் கப்லான் என்ற தத்துவப் பேராசிரியர். பண்டைய கிரேக்கத்தில் டெல்ஃபி கோயிலுக்குப் போய்க் குறி கேட்பார்கள், அந்த டெல்ஃபி. ஹெல்மருக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆராய்ச்சி பண்றோம்னு சொல்லிட்டு குறி சொல்ற மேடைப் பேரை வச்சா எப்படி? நியாயமான வருத்தம்தான். ஆனா பேர் ஒட்டிக்கிச்சு.

1964-ல் ஹெல்மரும் தியடோர் கார்டனும் இதையே பெரிய அளவில் செய்தார்கள். அறிவியல் கண்டுபிடிப்பு, மக்கள்தொகை, ஆட்டோமேஷன், விண்வெளி, போரைத் தடுப்பது, ஆயுதங்கள் என்று ஆறு தலைப்புகள். சுமார் எண்பது நிபுணர்கள். அடுத்த 50 வருஷத்தில் என்ன, எப்போது?

இப்போ படிச்சா விநோதமா இருக்கும். 1984-க்குள் நிலவில் நிரந்தரத் தளம். செவ்வாயையும் வெள்ளியையும் மனிதர்கள் சுற்றிவிட்டு வந்திருப்பார்கள். 2000-க்குள் செவ்வாயில் கால் பதித்திருப்பார்கள். கடலடிச் சுரங்கம் ஓடும், வானிலையை வட்டார அளவில் நாமே திருப்பலாம். அணுக்கரு இணைவு மின்சாரம் 1980-களிலேயே. சில விஷயங்கள் பலித்தன. உறுப்பு மாற்று சிகிச்சை வளர்ந்தது, ஆட்டோமேஷன் ஆஃபீஸுக்குள் வந்தது, மொழிபெயர்ப்பு இயந்திரம் தாமதமாக வந்தது. மக்கள்தொகையை எடுத்துக்கோங்க. 2000-ல் உலகில் 510 கோடிப் பேர் இருப்பார்கள் என்றார்கள். இருந்தது சுமார் 610 கோடி.

தப்பாப் போறது பெரிய குத்தம் இல்ல. எதிர்காலம் யாருக்கும் தெரியாது. எனக்கு உறுத்துறது வேற. 1964-ல் ராக்கெட் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. கேகாரின் போய்வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காற்றைத்தான் எண்பது பேரும் சுவாசித்தார்கள். ஒரே மாதிரி படித்து, ஒரே மாதிரி வேலை பார்த்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டாலும், பெயரை மறைத்துக் கேட்டாலும், வருகிற பதில் ஒரே ஊரில் இருந்துதான் வரும். பெயரை மறைப்பது சீனியரின் குரலை அடக்கும். காலத்தின் குரலை அடக்காது. நிலவுக்குப் போக ராக்கெட் மட்டும் போதாது, வருஷா வருஷம் பணம் கொடுக்கிற நாடாளுமன்றமும் வேண்டும். அதை அந்தக் கேள்வித்தாள் பெரிதாகக் கேட்கவில்லை.

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. 1937-லேயே அமெரிக்க அரசு ஒரு தொழில்நுட்ப அறிக்கை தயாரித்தது. பின்னால் இருந்தவர் வில்லியம் ஆக்பர்ன், சமூகவியலாளர். ஆன்டிபயாடிக், ஜெட், ரேடார், அணுசக்தி எல்லாவற்றையும் கோட்டைவிட்ட அறிக்கை என்று அதைக் கிண்டல் பண்ணுவாங்க. ஆனா அதுல பருத்தி பறிக்கிற இயந்திரத்தைப் பத்திப் பேசியிருக்காங்க. 'எப்போ வரும்' என்பதோடு நிறுத்தாமல், வந்தால் தெற்கு மாநிலங்களில் பருத்தி பறிக்கிற கூலிகள் எங்கே போவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த இயந்திரம் 1940-களில் சந்தைக்கு வந்தது. கறுப்பினத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வடக்கு நகரங்களுக்குப் போனதில் அதற்கும் பங்கு உண்டு. இந்த இடத்துல எனக்கு ராண்டைவிட ஆக்பர்னைப் பிடிக்குது.

டெல்ஃபிக்குத் திரும்புவோம். 1974-ல் ராண்டுக்குள் இருந்தே ஹரால்ட் சாக்மன் என்பவர் கடுமையாக விமர்சித்தார். நிபுணர்களை எப்படிப் பொறுக்குகிறீர்கள், கேள்விகளை யார் சோதித்தது, நடுவில் வரும் எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தால் ஆட்கள் அதன் பக்கம் நகரத்தானே செய்வார்கள் என்றெல்லாம் கேட்டார். எல்லாரும் ஒத்துப்போனதால அது சரியாயிடுமா? 167-க்கும் 360-க்கும் நடுவில் உண்மை இருந்ததா என்று சோதிக்க வழியே இல்லை. சோதிக்க வேண்டிய நிலை வராமல் போனது நல்லதுதான்.

அதுக்கு முன்னாடியே, 1970-ல் மர்ரே டுரோஃப் வேறு பக்கத்தில் இருந்து யோசித்திருந்தார். இந்த மொத்தக் கதையிலயும் எனக்குப் பிடிச்ச ஆள் இவர்தான். அமெரிக்க அரசின் அவசரகாலத் தயாரிப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தார். பாலிசி டெல்ஃபி என்று ஒன்றை வடிவமைத்தார். அதே மாதிரி சுற்றுகள், அதே மாதிரி மறைக்கப்பட்ட பெயர்கள். ஆனால் நோக்கம் தலைகீழ். எல்லாரையும் ஒரு எண்ணுக்கு இழுக்கக் கூடாது. ஒரு கொள்கைப் பிரச்சினையில் எதிரெதிர் நிலைப்பாடுகளில் மிக வலுவான வாதங்கள் என்னென்ன என்று வெளியே கொண்டுவர வேண்டும். முடிவெடுக்கிறவர் வேறு ஆள். அவருக்கு ஒரு பதிலைக் கையில் திணிக்காமல், எங்கே, எதனால் பிரிகிறார்கள் என்ற வரைபடத்தைக் கொடுப்பதுதான் வேலை.

தபாலில் பேப்பர் அனுப்பி அனுப்பி வாங்கினால் மாதக்கணக்கில் ஆகிறதே என்று, டுரோஃப் அதைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார். 1971 ஆகஸ்ட்டில் நிக்ஸன் விலைகளையும் சம்பளங்களையும் முடக்கி வைத்தபோது, நாடு முழுக்க இருந்த அலுவலகங்கள் பேசிக்கொள்ள எமிசாரி என்ற அமைப்பை உருவாக்கினார். நம்ம குரூப் சாட்டுக்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று அது.

சீட்டாட்டத்துக்கு எப்படி வந்தது? ராண்டில் வேலை பார்த்த பேரி போயம், ஜான் ஃபார்க்வார் இருவரும் மென்பொருள் கணிப்புக்கு டெல்ஃபியைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1981-ல் வந்த போயமின் புத்தகத்தால் அது 'வைட்பேண்ட் டெல்ஃபி' என்று பரவியது. அவர் சேர்த்தது ஒன்றே ஒன்று, பேச்சு. எண்ணைத் தனியாக எழுது, ஆனால் சுற்றுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏன் என்று விவாதி. பிளானிங் போக்கரில் அந்த விதி இன்னும் இருக்கு. மிகக் குறைவாகக் காட்டினவரும் மிக அதிகமாகக் காட்டினவரும் காரணம் சொல்லணும். நாலு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது நாம முதல்ல தூக்கிப் போடற விதியும் அதுதான்.

அரசாங்கங்களும் இதை விடவில்லை. ஜப்பான் 1971-ல் தன் முதல் தேசிய டெல்ஃபி கணிப்பை வெளியிட்டது. சுமார் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இன்னும் நடக்கிறது. 'எப்போது வரும்' என்பதோடு, எவ்வளவு முக்கியம், எது தடையாக நிற்கிறது என்றும் கேட்கிறார்கள். பழைய கணிப்புகளை எடுத்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று தங்களுக்கே மார்க் போட்டும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பழக்கம் நிறைய பேருக்குக் கிடையாது.

நம்ம ஊர்ல? 1988-ல் தொடங்கிய டைஃபாக் என்ற மத்திய அரசு அமைப்பு, அப்துல் கலாம் தலைமையில், ஆயிரக்கணக்கானவர்களிடம் கருத்து வாங்கி 1996-ல் 'டெக்னாலஜி விஷன் 2020' தொகுதிகளை வெளியிட்டது. அதிலிருந்து வந்ததுதான் 1998-ல் கலாமும் ஒய்.எஸ். ராஜனும் எழுதிய 'இந்தியா 2020' புத்தகம். என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஸ்கூல் பேச்சுப் போட்டின்னாலே "2020-ல் இந்தியா வல்லரசு". நானும் மைக் முன்னாடி கையை ஆட்டிப் பேசியிருக்கேன். புத்தகத்தில் இருந்தது 'வளர்ந்த நாடு', அதாவது சாப்பாடு, ஆரோக்கியம், வேளாண்மை, தொழில். மேடைக்கு வர்றதுக்குள்ள அது வல்லரசா ஆயிடுச்சு. அது ஜோசியமும் இல்லை, இதைச் செய்தால் இது நடக்கும் என்ற வேலைப் பட்டியல். பட்டியலை விட்டுட்டு வருஷத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டோம்.

இப்போ ஏன் இதெல்லாம்? ஏ.ஐ. பற்றி இன்னிக்கு அரசாங்கங்கள் சட்டம் யோசிக்குது, காலேஜ்கள் பாடத்தை மாத்துது, நாம எந்த வேலைக்குப் படிக்கலாம்னு முழிக்கிறோம். கையில இருக்கறது மறுபடியும் நிபுணர் கருத்துதான். 2023-ல் 2,778 ஏ.ஐ. ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. எல்லா வேலையையும் மனிதரைவிட நன்றாகவும் மலிவாகவும் இயந்திரம் செய்ய 50 சதவீத வாய்ப்பு எந்த வருஷம்? மொத்தமாக வந்த விடை 2047. முந்தைய வருஷக் கணக்கெடுப்பில் அது 2060. ஒரே வருஷத்தில் 13 வருஷம் முன்னே வந்துவிட்டது. செய்தியில் வந்தது இதுதான்.

அதே கணக்கெடுப்பில் வேறு சிலருக்குக் கேள்வி கொஞ்சம் மாற்றிக் கேட்கப்பட்டது. 'எல்லா வேலைகளையும்' என்பதற்குப் பதில் 'எல்லாத் தொழில்களையும்' இயந்திரமயமாக்குவது எப்போது சாத்தியம்? இதற்கு விடை 2116. ஒரே துறைக்காரர்கள், கிட்டத்தட்ட ஒரே கேள்வி, நடுவில் 69 வருஷம். யாருக்கு எந்தக் கேள்வி என்பது குலுக்கல் மாதிரி பிரிக்கப்பட்டதால், ஒரே ஆளிடம் இரண்டையும் வைத்து 'இது எப்படி'ன்னு கேட்கிற இடமே வரல. ரெண்டாவது சுற்று கிடையாது. ஒரு அமைச்சர் மேசைக்கு 2047 போனால் ஒரு சட்டம் வரும், 2116 போனால் வேற சட்டம் வரும், ரெண்டும் சேர்ந்து போனா அவர் குழம்புவார். குழம்பட்டும்னுதான் நான் நினைக்கிறேன். டுரோஃப் இருந்தா அந்த 69 வருஷ இடைவெளியைத்தான் முதல் பக்கத்துல போட்டிருப்பார்.

நம்ம கேட்கறவங்கள்ல ஏ.ஐ.யில வேலை பார்க்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க. ரெண்டு கேள்விக்கும் உங்க வருஷத்தை எழுதி அனுப்புங்க. பேர் போட வேண்டாம். ஆனா காரணத்தைக் கண்டிப்பா எழுதுங்க. வர்றதுல ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தள்ளி நிக்கிற ரெண்டு பதிலை எடுத்து அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். நடுவுல வர்ற எண்ணைச் சொல்லமாட்டேன்.